ஞானஸ்நானம் முதல் அடக்கம் வரை: குமரி மாவட்ட விசேஷங்களில் பிரசங்கம் செய்வது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை நன்றாகப் பேசுகிறவருக்குக்கூட கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் நாக்குத் தடுமாறும். ஞாயிறன்று எதிரே இருப்பது பழகிய முகங்கள். இன்று புரியாததை அடுத்த வாரம் விளக்கிக்கொள்ளலாம். விசேஷங்களில் அந்த வசதி கிடையாது. குமரி மாவட்டத்தில் ஒரே குடும்பத்துக்குள் சிஎஸ்ஐக்காரர் இருப்பார், கோட்டாறு அல்லது குழித்துறை மறைமாவட்டத்தார் இருப்பார், மார்த்தாண்டத்து மலங்கரைச் சபையார், தக்கலை சீரோ மலபார் சபையார், லூத்தரன், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே என்று எல்லாரும் இருப்பார்கள். பக்கத்து வீட்டு இந்து, முஸ்லிம் குடும்பங்களும் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கும். இவர்களில் பலர் ஒரு பிரசங்கத்தை முழுதாகக் கேட்பதே இப்படிப்பட்ட நாளில்தான்.

போதகர்கள், உபதேசியார்கள், சபை மூப்பர்கள், ஜெபக்குழு நடத்துகிறவர்கள், "நீங்க ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று திடீரென்று முன்னால் நிறுத்தப்படுகிறவர்கள் எல்லாருக்கும் பயன்படும்படி இதை எழுதியிருக்கிறோம். கத்தோலிக்கத் திருப்பலியில் மறையுரை குருவுக்கும் திருத்தொண்டருக்கும் உரியது. பொதுநிலையினர் பேசும் இடம் வீட்டுச் செபமும் இரவுச் செபமும்தான். சிஎஸ்ஐ சபைகளில் சேகரப் போதகரின் அனுமதி இல்லாமல் யாரையும் பேச வைக்கக் கூடாது. குடும்பத்தார் வெளியூர்ப் பேச்சாளரை அழைத்திருந்தால் முதல் நாளே போதகர் ஐயாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

இனி வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒன்று உண்டு. விசேஷ ஆராதனையில் பாதிப் பிரசங்கத்தை ஆராதனை முறையே செய்து முடித்துவிடுகிறது. தண்ணீர், தாலி, வாக்குறுதி, பெட்டியின் மேல் விழும் மண் எல்லாம் பேசுகின்றன. அவற்றுக்கு ஜனங்களின் காதைத் திறந்துவிடுவதுதான் பேசுகிறவரின் வேலை. இதை மறந்து, சொந்தச் சரக்கை எல்லாம் இறக்கிவைக்கும் மேடையாக நினைக்கும்போதுதான் முக்கால்வாசித் தவறுகள் நடக்கின்றன.

முதலில் கேட்க வேண்டியவை

அழைப்பு வந்ததும் வேதாகமத்தைத் திறக்கத் தோன்றும். அதற்கு முன் ஒரு நோட்டை எடுங்கள். எந்த விசேஷமானாலும் இவை தெரிந்திருக்க வேண்டும்:

1. சம்பந்தப்பட்டவரின் முழுப்பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர். பெயரைக் குடும்பத்தார் உச்சரிக்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள்.
2. ஆராதனை எந்தச் சபை முறையில் நடக்கிறது, எந்த மொழிபெயர்ப்பில் வாசிக்கிறார்கள் என்பது. சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே கூட்டத்தில் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்றால் கூடவே உதடுகள் அசையும். கத்தோலிக்கக் கூட்டத்தில் "ஆண்டவரே என் ஆயர்" என்றால்தான் அது நடக்கும். எந்தக் கோவிலில் நிற்கிறீர்களோ அங்குள்ளவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கிற வடிவத்தையே வாசியுங்கள்.
3. வேறு யார் யார் பேசுகிறார்கள், எந்த வரிசையில். மூன்று பேர் பேசினால் மூவரும் ஒரே சங்கீதத்தை எடுத்துக்கொண்டு வரும் அபாயம் உண்டு.
4. குடும்பத்துக்குள் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் யார். இது மேடையில் சொல்வதற்காக அல்ல. "ஒற்றுமையான குடும்பம்" என்று வாய்தவறிச் சொல்லாமல் இருக்க இது தெரிய வேண்டும்.

துக்க வீட்டில் இந்தக் கேள்விகளை மனைவியிடமோ தாயிடமோ கேட்காதீர்கள். மைத்துனர், அண்ணன் மகன், நெடுநாள் அண்டை வீட்டார் ஒருவரைத் தனியே அழைத்துக் கேளுங்கள். பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கேட்கும்போது முன்பே இறந்துபோன பிள்ளை உண்டா என்றும் கேளுங்கள். நான்கு பிள்ளைகளைப் பெற்ற தாயை "மூன்று பிள்ளைகளின் தாய்" என்று சொல்லிவிட்டால் அடுத்து நீங்கள் சொல்லும் எதுவும் அந்தக் குடும்பத்தின் காதில் ஏறாது.

நேரம்

அடக்க ஆராதனைக்கு 8 நிமிடம், திருமணத்துக்கு 7 அல்லது 8, ஞானஸ்நானத்துக்கு 5, வீட்டு ஜெபத்துக்கு 4. போப் பிரான்சிஸ் 2024 ஜூன் மாதப் பொதுச் சந்திப்பு ஒன்றில் மறையுரை 8 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று சொன்னது ஞாயிறு மறையுரையையும் சேர்த்துத்தான். விசேஷங்களுக்கு அது இன்னும் பொருந்தும்.

நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்கு 80 முதல் 100 சொல் வரும். அப்படியானால் 8 நிமிடத்துக்கு 700 சொல் போதும். எழுதியே தீர வேண்டும். எழுதாமல் பேசுகிறவர் நீளமாகப் பேசுவதற்குக் காரணம், எங்கே முடிப்பது என்று அவருக்கே தெரியாததுதான். எழுதியதைக் கடிகாரம் வைத்து இரண்டு முறை உரக்க வாசியுங்கள். முதல் மூன்று வாக்கியமும் கடைசி இரண்டு வாக்கியமும் மனப்பாடமாக இருக்கட்டும். நடுவில் தாளைப் பார்க்கலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பெயர்களை மட்டும் தனி அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி மேலே வையுங்கள். பழக்கமான பெயர்கூடத் துக்க நேரத்தில் மறந்துபோகும்.

அடக்க ஆராதனை

கவனமாகத் தயாரிக்க வேண்டியது இதைத்தான். தயாரிக்கக் கிடைக்கும் நேரமோ மிகக் குறைவு.

நம் பக்கத்தில் துக்க வீட்டில் பேசும் இடம் மூன்று: வீட்டுப் பந்தல், கோவில், கல்லறைத் தோட்டம். சில ஊர்களில் சொந்தப் புரையிடத்திலேயே, அதாவது வீட்டைச் சுற்றியுள்ள நிலத்திலேயே, அடக்கம் செய்வதால் முதலும் கடைசியும் ஒன்றாகிவிடும். மூன்று இடத்திலும் மூன்று பிரசங்கம் வைப்பதுதான் பெரிய தவறு. வீட்டில் ஒரு வாசிப்பும் ஜெபமும், வேண்டுமானால் 3 நிமிடப் பேச்சும் போதும். பிரசங்கம் கோவிலில். கல்லறையில் பேச்சே வேண்டாம். "மண்ணுக்கு மண்ணாகவும்" என்ற வார்த்தைக்கு மேல் அங்கே எவரும் எதையும் கூட்ட முடியாது. குழி வெட்டியவர்கள் மண்வெட்டியோடு காத்து நிற்பார்கள், வடகிழக்குப் பருவமழைக் காலமானால் குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருக்கும்.

வளைகுடாவிலிருந்து மகன் வர வேண்டும் என்று உடலைக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்திருப்பது இங்கே சாதாரணம். திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கத் தாமதமானால் பிற்பகல் 3 மணி அடக்கம் 5 மணியாகும், இருட்டுவதற்குள் முடிக்க அவசரப்படுவார்கள். எனவே 8 நிமிடப் பேச்சோடு அதையே சுருக்கிய 4 நிமிட வடிவம் ஒன்றையும் கையில் வைத்திருங்கள். நீண்டதை மேடையில் நின்றுகொண்டே சுருக்க முயன்றால் முடிவுரைதான் வெட்டுப்படும், நம்பிக்கையைச் சொல்ல வேண்டிய இடம் அதுவே. காத்திருந்து வந்த மகன் அப்போதுதான் முதல்முறையாக உடலைப் பார்த்திருப்பான் என்பதும் நினைவில் இருக்கட்டும். மற்றவர்கள் இரண்டு நாள் அழுது ஓய்ந்திருப்பார்கள், அவனுக்குத் துக்கம் அந்த நிமிடம்தான் தொடங்குகிறது.

பேச்சின் அமைப்பு இப்படி இருக்கலாம். முதலில் இறந்தவரைப் பற்றி உண்மையான, சிறிய ஒரு காரியம். அடுத்து ஒரே ஒரு வசனம். பிறகு அந்த வசனம் கிறிஸ்துவின் மரணத்தோடும் உயிர்த்தெழுதலோடும் சேரும் இடம். கடைசியாக, நாளைக்கு அந்த வீட்டில் விடியும் காலைக்கான ஒரு வார்த்தை. கத்தோலிக்கத் திருப்பலி வழிமுறை அடக்கத் திருப்பலியில் புகழுரை கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. மற்றச் சபையாரும் அதைப் பின்பற்றினால் நல்லது. பட்டம், பதவி, பிள்ளைகளின் வேலை, வெளிநாடு ஆகியவற்றை இரங்கல் கூட்டத்தில் சொல்ல ஆள் இருக்கிறது.

84 வயதில் இறந்த ஓர் அம்மச்சி என்று வைத்துக்கொள்வோம். குலசேகரம் பக்கம் வீடு. மகன் ரப்பர் பால் வெட்டுகிறவர். சங்கீதம் 121 எடுக்கிறீர்கள். தொடக்கம் இப்படி வரலாம்:

"இந்த வீட்டில் விடியற்காலம் மூன்று மணிக்கு அடுக்களையில் விளக்கு எரியும். மகன் பால்வெட்டுக்குப் போகுமுன் ஒரு கிளாஸ் கட்டன் சாயா கொடுக்க அம்மச்சி எழுந்திருப்பார்கள். நாளைக்கு மூன்று மணிக்கு அந்த அடுக்களை இருட்டாக இருக்கும். உங்களில் யாராவது அந்த நேரத்தில் விழித்துக்கொண்டு படுத்திருப்பீர்கள். அந்த நேரத்துக்கு ஒரு வசனம் தருகிறேன்: 'இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை.' அம்மச்சி உங்களுக்காக விழித்திருந்தார்கள். அம்மச்சிக்காகவும் விழித்திருக்கிறவர் ஒருவர் உண்டு. கல்லறைக்குள் போய், அதைத் திறந்துகொண்டு வெளியே வந்தவர் அவர்."

இதில் அம்மச்சியைப் பற்றிச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். ஆனால் அதைக் கேட்ட மகன் அந்த வசனத்தை ஒவ்வொரு விடியற்காலமும் கேட்பான். "அன்பானவர், பண்பானவர், ஜெபவீரர்" என்று பத்து அடைமொழி சொன்னால் ஒன்றும் நிற்காது. வேறு யாருக்கும் பொருந்தாத ஒரு காரியம் கிடைக்கும்வரை விசாரியுங்கள். பேரப்பிள்ளைகள் பாட்டா என்று கூப்பிட்டார்களா, அப்பச்சி என்றா, அம்மச்சி என்றா என்று கேட்டு அதையே சொல்லுங்கள்.

வசனங்களைத் தவறாக எடுத்தாளும் இடங்கள் சில உண்டு. "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்பது யோபு தன் இழப்பைப் பற்றித் தானே சொன்னது. யோபுவிடம் வந்த நண்பர்கள் அதை அவனுக்குச் சொல்லவில்லை. அவர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் செய்ததில் நல்லது அது ஒன்றுதான். பிள்ளையை இழந்த தாய் அந்த வசனத்தைத் தானாகச் சொன்னால் அது விசுவாசம். நாம் அவளுக்குச் சொன்னால் அது வாயடைப்பு. அதுபோல 1 தெசலோனிக்கேயர் 4:13 அழக் கூடாது என்று சொல்லவில்லை, நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. இயேசுவே லாசருவின் கல்லறை அருகே கண்ணீர் விட்டார், அதுவும் அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தபோதே. "அழாதீங்க" என்று மைக்கில் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

"இன்றைக்கு நீ செத்தால் எங்கே போவாய்?" என்று பிணத்தின் முன்னால் கூட்டத்தைப் பார்த்துக் கேட்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கேட்கிறவர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார். ஆனால் குடும்பத்தார் அந்தக் கேள்வியை இறந்தவரைப் பற்றிய சந்தேகமாகக் கேட்பார்கள். கைகொடுத்துப் பெட்டி தூக்க வந்த அயலார் தங்களை வளைத்துப் பிடித்ததாக உணர்வார்கள். யோவான் 11:25ஐ அமைதியாக, முழுதாக வாசித்து நிறுத்துங்கள். அழைப்பு அதற்குள்ளேயே இருக்கிறது.

முதிர்ந்த வயதுச் சாவைக் கல்யாணச் சாவு என்பார்கள். அது வெளித்திண்ணையில் பேசுகிற பேச்சு. எழுபது வயது மகளுக்கும் அம்மா அம்மாதான், மைக்கில் அது வேண்டாம்.

*கடலில் போனவர்கள்.* 2004 டிசம்பர் 26 சுனாமியும் 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலும் நம் கடற்கரையில் பிரசங்கத்தின் பாஷையையே மாற்றிவிட்டன. ஒக்கியில் போன பலரின் உடல் கிடைக்கவேயில்லை. உடல் இல்லாத நினைவு வழிபாட்டில் மூன்று பகுதிகளை எச்சரிக்கையாகக் கையாள வேண்டும். சங்கீதம் 107இல் கப்பலேறிப் போகிறவர்களைப் பற்றிய பகுதி புயல் அடங்கி, அவர்கள் விரும்பின துறைமுகத்தில் சேர்வதோடு முடிகிறது. திரும்பி வராத படகின் குடும்பத்துக்கு அது ஆறாத கேள்வியாகும். வெளிப்படுத்தல் 20:13இல் சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவிக்கிறது. அந்த ஒரு வரி ஆறுதலாகத் தெரியும், ஆனால் அதே வசனம் நியாயத்தீர்ப்பில் போய் முடிகிறது. "சமுத்திரமும் இல்லாமற்போயிற்று" என்ற 21:1ஐயும் அன்றைக்கு விட்டுவிடலாம், மறுநாள் அந்தக் கடலுக்கே போக வேண்டியவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் சிபாரிசு செய்வது சங்கீதம் 139:9, 10. "சமுத்திரத்தின் கடையாந்தரங்களிலே போய்த் தங்கினாலும், அங்கேயும் உமது கை என்னை நடத்தும்." கரைக்கு வந்து சேராதவனும் அந்தக் கைக்குள் இருக்கிறான் என்று அந்த வசனம் சொல்கிறது. பேச்சு முழுவதையும் அதற்குள்ளேயே நிறுத்தலாம். கடலைக் கொலைகாரி என்று திட்டவும் வேண்டாம், அன்னை என்று புகழவும் வேண்டாம்.

*தற்கொலை.* 1917ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் தற்கொலை செய்துகொண்டவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. அவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்று மறைக்கல்வி ஏடு சொல்கிறது. ஆனாலும் பழைய பயம் ஊருக்குள் இருக்கிறது, குடும்பம் தலைகுனிந்து நிற்கிறது. செய்ய வேண்டியவை: இறந்தவரின் பெயரை வழக்கம்போல் அன்போடு சொல்லுங்கள். குடும்பத்தார் வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் ஒழிய எப்படி இறந்தார் என்பதைச் சொல்லாதீர்கள், சொன்னாலும் முறையை விவரிக்காதீர்கள். பரீட்சை, கடன், காதல் என்று ஒற்றைக் காரணம் கற்பிக்காதீர்கள். "இப்போது நிம்மதியாக இருக்கிறார்" என்றும் சொல்லாதீர்கள், அதே வேதனையோடு கூட்டத்தில் நிற்கிற இளைஞன் ஒருவன் அதை வழியாக எடுத்துக்கொள்வான். ரோமர் 8:38, 39 நல்ல பகுதி. மனம் உடைந்தவர்கள் பேச 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது என்று ஆராதனை முடிவில் அறிவிப்போடு சொல்வது பிரசங்கத்துக்கு இழுக்கு அல்ல.

*குழந்தை.* "கடவுளுக்குப் பிடித்த பூ, பறித்துக்கொண்டார்" என்று சொல்லவே வேண்டாம். அதைக் கேட்கிற தாய்க்குக் கடவுள் திருடனாகத் தெரிவார். ஞானஸ்நானம் பெறாமல் போன குழந்தையைக் கடவுளின் இரக்கத்துக்கு ஒப்புவிக்கிறோம் என்று சொல்லுங்கள், கத்தோலிக்கப் போதனையும் அதுதான். பேச்சு 3 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. தாய் ஆஸ்பத்திரியில் இருந்தால் பிறகு அவரிடம் போய் அதையே தனியாக வாசித்துக் காட்டுங்கள்.

குடியால் இறந்தவரைப் பற்றிப் பேசும்போது பொய்யும் வேண்டாம், பகிரங்கப்படுத்தவும் வேண்டாம். "நல்ல தகப்பன்" என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். "இவரோடு வாழ்ந்த நாட்களில் உங்களுக்குச் சந்தோஷமும் பாரமும் இரண்டும் இருந்தன, இரண்டையும் கர்த்தர் அறிவார்" என்ற அளவில் நிறுத்தலாம்.

திருமணம்

ஓலை (கோவிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசிக்கத் தொடங்கியதுமே மணமக்களோடு அரைமணி நேரம் ஒதுக்கிக் கேளுங்கள். உட்காரவைத்து இந்தக் கேள்விகள்: எந்த வசனம் பிடிக்கும்? கல்யாணம் முடிந்து எங்கே குடியிருப்பீர்கள்? அவரிடம் உங்களுக்குப் பிடித்த ஒரு பழக்கம் என்ன? இந்தக் கல்யாணம் நடக்க யார் அதிகம் கஷ்டப்பட்டார்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலிலிருந்து பெரும்பாலும் பிரசங்கம் கிடைத்துவிடும்.

பிரசங்கம் வாக்குறுதிக்கு முன்னா பின்னா என்று முறையைப் பாருங்கள். கத்தோலிக்க முறையில் நற்செய்தி முடிந்ததும் மறையுரை, அதன் பிறகே சம்மதம். முன்னால் வந்தால் அவர்கள் சொல்லப்போகும் வார்த்தையைப் பற்றிப் பேசுங்கள். பின்னால் வந்தால் சொல்லிவிட்ட வார்த்தையைப் பற்றி. முன்னால் வரும்போது பெண்ணும் மாப்பிள்ளையும் பதற்றத்தில் பாதிதான் கேட்பார்கள், வாக்கியங்கள் குட்டையாக இருக்கட்டும்.

மணமக்களை உட்கார வைத்தே பேச வேண்டும். பட்டுச்சேலை, நகை, மே மாத வெக்கை எல்லாவற்றோடும் நிற்கவைத்து 20 நிமிடம் பேசினால் மயக்கம் வரும். போட்டோக்காரரிடமும் வீடியோக்காரரிடமும் ஆராதனைக்கு முன்பே பேசி, பிரசங்க நேரத்தில் உங்களுக்கும் மணமக்களுக்கும் நடுவே வர வேண்டாம், லைட்டை அணைத்துவிடலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் மைக்கில் அதட்டினால் அந்த அதட்டல் வீடியோவில் என்றைக்கும் இருக்கும்.

வசனத்தில் அதிகம் தடுமாறும் இடம் எபேசியர் 5. 22ஆம் வசனத்தில் தொடங்கி, மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்று பேசி, "இனி மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை" என்று முடிப்பவர்கள் பலர். பகுதியை எண்ணிப் பாருங்கள். மனைவிகளுக்கு 22 முதல் 24 வரை. புருஷர்களுக்கு 25இல் தொடங்குகிறது, அளவில் அதுதான் பெரிய பங்கு. அதில் கேட்கப்படுவது கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்ததுபோலக் கொடுப்பது. இரண்டுக்கும் முன்னால் 21ஆம் வசனம் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்கிறது. எனவே 21இல் தொடங்கி, பெரும்பங்கு நேரத்தை மாப்பிள்ளையிடம் செலவழியுங்கள். வேதம் பிரித்திருக்கிற அளவே அதுதான்.

ஆதியாகமம் 2:24இல் "தன் தகப்பனையும் தன் தாயையும் விட்டு" என்று சொல்லப்படுவது புருஷனைப் பார்த்து. இங்கே நடைமுறையில் வீட்டை விடுவது பெண். ஒரு மாத லீவில் வந்து தாலி கட்டி, பெண்ணைத் தன் பெற்றோரிடம் விட்டுவிட்டுத் துபாய்க்கோ குவைத்துக்கோ திரும்புகிற மாப்பிள்ளைக்கு இந்த வசனத்தைவிடப் பொருத்தமானது இல்லை. அவர் விட வேண்டியது வீட்டுக் கூரையை அல்ல. முதல் ஆலோசனையை, முதல் விசுவாசத்தை, முதல் போன் காலை இனி யாருக்குக் கொடுக்கிறார் என்பதுதான் காரியம். மாமியாரும் முன்வரிசையில் இருப்பதால் இதைக் கனிவாக, சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும்.

1 கொரிந்தியர் 13 சண்டைபோட்ட ஒரு சபைக்கு எழுதியது. அதைச் சொல்லிவிட்டுத் தொடங்கினால் அந்த வசனங்கள் அலங்காரமாக இல்லாமல் உபயோகமாகும். ரூத் 1:16 மருமகள் மாமியாருக்குச் சொன்னது, அப்படியே சொல்லுங்கள். கானாவூர்க் கல்யாணத்தில் திராட்சரசம் எங்கிருந்து வந்தது என்று பந்தி விசாரிப்புக்காரனுக்குத் தெரியவில்லை, தண்ணீர் மொண்ட வேலைக்காரருக்குத் தெரிந்திருந்தது. பின்கட்டில் பந்திக்கு ஓடிக்கொண்டிருக்கிறவர்களையும் நினைத்துப் பேச நல்ல இடம் அது.

சொல்லக் கூடாதவை: சீதனத்தையோ நகையையோ ஜாடையாகப் புகழ்வது, பெண்ணின் நிறத்தையோ மாப்பிள்ளையின் சம்பளத்தையோ குறிப்பிடுவது, "நல்ல குடும்பம், நம்ம ஆளுங்க" என்று சாதியைத் தொடுவது, மனைவியிடம் அடிவாங்கும் கணவன் நகைச்சுவை. "அடுத்த வருஷம் இதே நாளில் மூவராக" என்ற வாழ்த்தும் வேண்டாம். பல வருஷமாகப் பிள்ளைக்காகக் காத்திருக்கிற ஒரு தம்பதி எந்தக் கல்யாணக் கூட்டத்திலும் இருப்பார்கள், அந்த வாழ்த்து அவர்கள்மேல்தான் விழும். சபை வேறுபட்ட கல்யாணமானால் வந்து சேர்ந்தவரின் பழைய சபையைப் பற்றி ஒரு குறைச்சொல்கூட வரக் கூடாது, அவருடைய தாய் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஞானஸ்நானம், திருமுழுக்கு

குழந்தை ஞானஸ்நானத்தில் பிரசங்கம் பெற்றோருக்கும் ஞானப்பெற்றோருக்கும் உரியது. அவர்கள் சபை முன்னால் பதில் சொல்லப்போகும் கேள்விகளை எடுத்து, ஒவ்வொன்றும் வீட்டில் என்ன வேலையாக மாறும் என்று சொல்லுங்கள். ஞானத்தகப்பன் செய்ய வேண்டியது பிறந்தநாளுக்கு மோதிரம் வாங்குவதோடு முடிவதில்லை. வருஷத்துக்கு நாலு தடவையாவது பிள்ளையைப் பார்த்து ஜெபிப்பது, திடப்படுத்தல் அல்லது உறுதிப்பூசுதல் நாளில் கூட நிற்பது என்று விவரமாகச் சொன்னால் செய்வார்கள். கத்தோலிக்க முறையில் தண்ணீர், கிறிஸ்மா எண்ணெய், வெள்ளை ஆடை, பாஸ்கா திரியிலிருந்து ஏற்றும் மெழுகுதிரி ஆகியவற்றை நடக்கிறபோதே ஒவ்வொரு வாக்கியத்தில் விளக்கலாம், தனிப் பிரசங்கத்தைவிட அது நன்றாகப் பதியும். குழந்தை அழுதால் தொடர்ந்து பேசுங்கள், தாயை முறைத்துப் பார்க்காதீர்கள்.

பெந்தெகொஸ்தே சபைகளில் ஆற்றிலோ தொட்டியிலோ முழுக்கு நடக்கும்போது செய்தியைக் கரையிலேயே முடித்துவிடுங்கள். நனைந்த உடையோடு ஆட்களை நிற்கவைத்து ரோமர் 6ஐ விளக்குவது கூடாது. மழைக் காலத்தில் குழித்துறைத் தாமிரபரணியின் இழுப்பை உள்ளூர்க்காரரிடம் கேட்டுவிட்டே இறங்க வேண்டும். இரட்சணிய சேனையில் தண்ணீர் ஞானஸ்நானம் இல்லை, குழந்தைப் பிரதிஷ்டை உண்டு. அங்கே அழைக்கப்பட்டால் அவர்கள் முறையை மதித்துப் பேசுங்கள். குழந்தைக்குக் கொடுப்பது சரியா, வளர்ந்தபின் கொடுப்பது சரியா என்ற விவாதத்துக்கு வேதபாட வகுப்பு இருக்கிறது.

புதுநன்மை, திடப்படுத்தல், வீட்டுப் பிரதிஷ்டை

முதல் இரண்டிலும் பிள்ளைகளைப் பார்த்துப் பேசுங்கள், பெற்றோர் தானாகக் கேட்பார்கள். வீட்டுப் பிரதிஷ்டையில், கத்தோலிக்கரின் வீடு மந்திரிப்பிலும்கூட, சங்கீதம் 127:1 எல்லாரும் எடுப்பதுதான், தவறில்லை. கொத்தனார், ஆசாரி, கம்பி கட்டியவர், சித்தாள் எல்லாரையும் பெயர் சொல்லி நன்றி கூறினால் அந்த வசனத்தின் "கட்டுகிறவர்களின் பிரயாசம்" கண்முன் நிற்கும். அவர்களில் பலர் வேறு மதத்தார். வீட்டின் விலையையும் டைல்ஸையும் பற்றிப் பேசாதீர்கள், பெரும்பாலான வீடுகள் கடனில் நிற்கின்றன.

மைக்கும் மற்றவையும்

மைக் செட்டுக்காரரிடம் பேச்சுக்கும் பாட்டுக்கும் தனித்தனி அளவு வைக்கச் சொல்லுங்கள். கீர்த்தனைக்கு வைத்த எதிரொலியிலேயே பேசினால் தமிழ்ச் சொற்களின் கடைசி அசை கரைந்துவிடும், "இருக்கிறார்" என்பதும் "இருக்கிறார்கள்" என்பதும் ஒன்றாகக் கேட்கும். கடற்கரைக் கோவில் முற்றத்தில் காற்று மைக்கில் அடிக்கும். பஞ்சு உறை போடுங்கள், அல்லது கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். துக்க வீட்டில் வெளிக் குழாய் ஒலிபெருக்கியை ஊர் முழுக்க வைக்க வேண்டிய அவசியமில்லை, பந்தலுக்குள் கேட்டால் போதும். நேரலையில் வெளிநாட்டிலிருந்து பார்க்கிற பிள்ளைகள் இருந்தால் ஒருமுறை காமிராவைப் பார்த்து அவர்களைப் பெயர் சொல்லி அழையுங்கள். விளவங்கோடு பக்கம் மலையாளம் பேசும் உறவினர் நிறைய இருந்தால் வசனத்தை மட்டும் மலையாளத்திலும் ஒருவரை வாசிக்கச் சொல்லலாம், பிரசங்கத்தை மொழிபெயர்த்தால் நேரம் இரட்டிப்பாகும்.

முடிந்த பிறகு

துக்க வீட்டுக்கு மறுநாளே போக வேண்டாம், அன்றைக்கு ஆட்கள் நிறைய இருப்பார்கள். கூட்டம் கலைந்த மூன்றாம் நான்காம் நாள் போய்ப் பத்து நிமிடம் உட்காருங்கள். 16ஆம் நாளிலோ 41ஆம் நாளிலோ நினைவு ஆராதனை வைத்தால், அடக்கத்தில் சொன்ன வசனத்தையே மறுபடி எடுத்து அடுத்த வரியைப் பேசலாம். குடும்பத்தார் இப்போதுதான் கேட்கும் நிலையில் இருப்பார்கள். கத்தோலிக்கர் நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் கல்லறையில் திரி ஏற்றும்போது அந்த வருஷம் துக்கம் கண்ட குடும்பங்களின் அருகே கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

ஒரு நோட்டில் தேதி, பெயர், விசேஷம், எடுத்த வசனம், சொன்ன ஒரு காரியம் இவற்றை எழுதி வையுங்கள். ஐந்து வருஷம் கழித்து அதே வீட்டில் அடுத்த கல்யாணம் வரும்போது, மூத்தவனுக்குச் சொன்னதையே இளையவளுக்கும் சொல்லாமல் இருக்க அது உதவும். அந்த நோட்டை வேறு யாரும் எடுத்து வாசிக்காதபடி பூட்டி வையுங்கள், துக்க வீட்டார் நம்பிச் சொன்னவை அதில் இருக்கும்.